நான் சொல்ல மறுத்த வாக்கியம்

மேடையில் இருவர் நிற்கிறோம். இடப்பக்கம் சிஸ்டர் ரோவினா, வலப்பக்கம் நான். அவர் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்வார். நான் அதைத் தமிழில் சொல்வேன். மூன்று நாட்களாக இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பேர் ஒரே ஊஞ்சலை மாற்றி மாற்றித் தள்ளுவதுபோல.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணி இருக்கும். சிஸ்டர் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறக்கவில்லை.

மண்டபம் நிறையப் பெண்கள். மின்விசிறிகளின் சத்தத்துக்கு மேலே, ஒலிபெருக்கியில் என் மூச்சு மட்டும் கேட்டது. எனக்குக் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்ட சிஸ்டர், அதே வாக்கியத்தை இன்னும் நிதானமாக, இன்னும் அன்பாகத் திரும்பச் சொன்னார்.

முதல் வரிசையில் செல்வராணி இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே உயர்த்தி வைத்துக்கொண்டு என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தது அவள் மகள் கயல். பன்னிரண்டு வயது. பிறவியிலிருந்தே காது கேட்காது. நான் தமிழில் சொல்வதையெல்லாம் செல்வராணி கைச்சைகையால் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிஸ்டர் இரண்டு முறை சொன்ன வாக்கியம் இதுதான். அந்தத் தாயைக் கேளுங்கள், இந்தப் பிள்ளையின் காது அடைபடும்படி அவள் என்ன பாவம் செய்தாள் என்று.

அதை நான் தமிழுக்குக் கொண்டுவந்தால், தமிழிலிருந்து மகளின் கண்ணுக்கு அந்தத் தாயின் கைகளே அதைக் கொண்டுபோக வேண்டும்.

பிறகு என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், அந்த மேடைக்கு நான் எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

கர்த்தருக்கு ஒரு பெரிய கை

என்னைத் தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு நான் இங்கிலீஷ் டீச்சர் என்பது தெரியும். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தேன். என் கணவர் தவராஜுக்குத் தொழிற்சாலையில் வேலை. கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் இருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ஸ்கூட்டரில் கன்டோன்மென்ட் பக்கம் இருக்கும் எங்கள் சபைக்குப் போவோம்.

ஒரு ஞாயிறு, வெளிநாட்டிலிருந்து ஒரு விருந்தினர் பேச வந்திருந்தார். அவருக்கு மொழிபெயர்க்க வேண்டியவர் வந்த பஸ் வழியில் நின்றுவிட்டது. எங்கள் ஆயர் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். என் மேல் கண் பட்டது. "பியூலா டீச்சர், வாங்க" என்றார். அவ்வளவுதான் தேர்வு.

வகுப்பில் பாடம் நடத்துவதும் மேடையில் மொழிபெயர்ப்பதும் ஒன்றல்ல என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. விருந்தினர் உற்சாகமாக, எல்லோரும் கைதட்டுவோம் என்ற பொருளில் அவர்கள் ஊர் வழக்கில் ஏதோ சொன்னார். நான் பதற்றத்தில் வார்த்தைக்கு வார்த்தை, "கர்த்தருக்கு ஒரு பெரிய கை கொடுப்போம்" என்றேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் பயபக்தியோடு எழுந்து வலக்கையை நீட்டினார். பக்கத்தில் இருந்தவர்களும் நீட்டினார்கள். விருந்தினர் நெகிழ்ந்துபோய் மேடையிலிருந்து இறங்கி ஒவ்வொருவர் கையாகக் குலுக்கினார்.

அன்றைய கூட்டம் போல் ஒரு கூட்டம் அதற்குப் பிறகு நடக்கவில்லை என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு அடுத்தடுத்து அழைப்புகள் வந்தன.

தூங்க முடியாத இடம்

தவராஜ் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த ஞாயிறுகளில் பிரசங்கம் தொடங்கியதும் தூங்கிவிடுவார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் எப்படியோ கண் விழிப்பார். அது அவருக்கு மட்டுமே உள்ள வரம்.

மொழிபெயர்க்கிறவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் நான் எத்தனையோ வாக்கியங்களைக் கேட்டு, தலையாட்டி, மறந்து வீட்டுக்கு வந்திருக்கிறேன். மேடையில் அது நடக்காது. கேட்டதை என் வாயால், என் குரலில், எனக்குத் தெரிந்த முகங்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். காதில் சுலபமாக நுழைகிற சில வாக்கியங்கள் வாய்க்கு வரும்போது உறுத்தும். சோற்றில் கிடக்கும் சிறு கல்லைப் பல் கண்டுபிடிப்பதுபோல.

இது எனக்கு உடனே புரிந்துவிடவில்லை. புரிந்தபோதும் நான் என்ன செய்தேன் என்பதை வெட்கத்தோடுதான் எழுத வேண்டும்.

முதல் நாள்

சிஸ்டர் ரோவினா கன்னியாஸ்திரி அல்ல, ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்கிற வெளிமாநிலத்துக்காரர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எங்கள் சபையின் பெண்களுக்கு மூன்று நாள் பகல் கூட்டம் நடத்த ஆயர் அழைத்திருந்தார்.

அவரைப் பிடிக்காமல் இருக்க முடியாது. வெளிர் மஞ்சள் கைத்தறிச் சேலை, முழங்கை வரை ரவிக்கை, ஒரு நகை இல்லை. வந்த அரைமணி நேரத்தில் சமையல்கட்டில் இருந்தவர்கள் பெயரெல்லாம் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு தடவை மேடை ஏறுவதற்கு முன்பும், நான் தண்ணீர் குடித்தேனா என்று கேட்பார். எத்தனையோ பேச்சாளர்களுக்கு நான் மொழிபெயர்த்திருக்கிறேன். என் தொண்டையைப் பற்றிக் கேட்டது அவர் ஒருவர்தான்.

முதல் நாள் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். பேச்சு ஆறு போல ஓடியது. பத்து வருடம் பேசாமல் இருந்த இரண்டு ஓரகத்திகள் டீ இடைவேளையில் ஒரே தட்டில் வடை சாப்பிட்டதை நான் கண்ணால் பார்த்தேன்.

ஒரே ஒரு சின்ன உறுத்தல். சிஸ்டர் வேதத்திலிருந்து ஒரு வசனத்தில் பாதியைச் சொல்லி நிறுத்துவார். என்னுடையது ஞாயிறு பள்ளி மனப்பாடப் போட்டியில் வருடா வருடம் டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிய வாய். அது நிற்காமல் மீதிப் பாதியையும் சொல்லிவிடும். சில இடங்களில் அந்த மீதிப் பாதி, சிஸ்டர் சொல்ல வந்ததற்கு நேர் எதிராக இருந்தது. எனக்கே ஒரு நொடி குழப்பமாகிவிடும். அதற்குள் அடுத்த வாக்கியம் வந்துவிடும்.

அன்றுதான் செல்வராணியையும் கயலையும் முதலில் பார்த்தேன். லால்குடிப் பக்கத்துக் கிராமம். கணவருக்கு நெல் விவசாயம். அவர் சபைக்கு வருகிறவர் இல்லை. ஆனால் மனைவியையும் மகளையும் பைக்கில் கொண்டுவந்து ஸ்டேஷனில் ரயில் ஏற்றிவிட்டுத்தான் வயலுக்குப் போவார். கயல் திருச்சியில் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தாள். அங்கே பெற்றோருக்கும் சைகை சொல்லிக் கொடுப்பார்கள். செல்வராணி அதை மகளைவிட வேகமாகக் கற்றுக்கொண்டவள்.

கயல் தனக்குப் பிடித்தவர்களுக்கெல்லாம் சைகையில் பெயர் வைப்பாள். அன்று மதியச் சாப்பாட்டுக்குள் எனக்கும் வைத்துவிட்டாள். ஆள்காட்டி விரலால் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிடுவது. நான் நிமிடத்துக்கு ஒரு முறை அப்படிச் செய்கிறேனாம்.

கதவு

இரண்டாம் நாள் சிஸ்டர் நோயைப் பற்றிப் பேசினார். ஒரு வீட்டுக்குள் நோயோ குறையோ நுழைந்தால், அந்த வீட்டில் யாரோ ஒருவர் பாவத்தால் அதற்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று பொருள் என்றார்.

அந்த வாக்கியம் என் வாய்க்கு வந்தபோது நாக்கில் கல் தட்டுப்பட்டது. முன்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். ஒருத்திக்கு மார்பில் அறுவைசிகிச்சை நடந்து தலைமுடி அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்தது. இன்னொருத்தியின் கணவர் படுத்த படுக்கை. இவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

நான் சொன்னது இது: "நோய் வருகிற நேரத்தில் நம்ம வீட்டுக் கதவைக் கர்த்தருக்குத் திறந்து வைப்போம்."

மண்டபம் முழுவதும் ஆமென் என்றது. சிஸ்டர் மகிழ்ந்துபோய் அடுத்ததற்குப் போனார். அன்று இன்னும் மூன்று நான்கு இடங்களில் அப்படியே செய்தேன். அவர் பயமுறுத்தியதை நான் ஆறுதலாக்கினேன். அவர் குற்றம் சொன்னதை நான் ஜெபமாக்கினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

கூட்டம் முடிந்ததும் செல்வராணி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன ஒரு ஆறுதலான பேச்சு டீச்சர். மனசு இவ்வளவு லேசா இருந்ததே இல்ல. நாளைக்கு இவளுக்காகச் சிஸ்டர் ஜெபம் பண்ணணும்னு பேர் எழுதிக் கொடுத்துட்டேன்."

அவள் நம்பியது சிஸ்டரின் வார்த்தையை அல்ல. அதன் மேல் நான் தைத்துப் போட்ட சட்டையை.

ஸ்ரீரங்கத்தில் ஒரு காபி

அன்று வீட்டுக்குப் போகவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. மற்ற நாளாயிருந்தால் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்திருப்பேன்.

உத்தர வீதியில் வைதேகி இருக்கிறாள். என் பள்ளியில் கணக்கு டீச்சர். பதினெட்டு வருடம் ஒரே மேஜையின் இரண்டு பக்கம் உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவர்கள் நாங்கள். அவள் ஆழ்வார் பாசுரம் நாலாயிரமும் பாராயணம் செய்கிற வீட்டுப் பெண். என் வேதப்புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்பது தெரிந்துவிடும்.

டிகாஷன் வாசனையில் பாதித் தைரியம் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். நல்லதுதானே செய்தேன், யாரும் காயப்படவில்லையே என்று முடித்தேன்.

வைதேகி டபராவில் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "அவா சொன்னதை நீ சொல்லலை. நீ சொன்னதை அவா சொன்னதா ஊரே நெனைச்சுண்டிருக்கு. நாளைக்கு அந்தப் பொண்ணோட அம்மா அவாகிட்டே தனியாப் போய் நின்னா, அங்கே நீ இருப்பியோ?"

கேட்டுவிட்டு முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு வெகுநேரம் பள்ளிக்கூடக் கதைகள் பேசிச் சிரித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் பஸ் ஏறினேன். திரும்பும்போது காவிரியைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள், பதினோரு மணி

இப்போது மேடைக்குத் திரும்பலாம்.

செல்வராணி எழுதிக் கொடுத்த பெயரைப் பார்த்துத்தான் சிஸ்டர் அவர்களைத் தேடினார். முதல் வரிசையில் கயலைக் கண்டதும் குரல் கனிந்தது. பிறகுதான் அந்த வாக்கியம் வந்தது. இரண்டாவது முறையும் வந்தது.

முந்திய நாள் போல அதை வேறாக மாற்றிச் சொல்லிவிட ஒரு நொடி போதும். நாக்கில் ஒரு வாக்கியம் தயாராகக்கூட இருந்தது. உயர்ந்து நின்ற அந்த இரண்டு கைகளைப் பார்த்தேன். அவை என்னை நம்பிக் காத்திருந்தன.

ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னேன். "சிஸ்டர் இப்போ சொன்னதை நான் சொல்லப் போறதில்லைங்க. அது நம்ம வேதத்துல இருக்கிறதா எனக்குத் தோணல. நேத்தும் சில இடத்துல அவங்க சொன்னதை மாத்தி, எனக்குப் பிடிச்ச மாதிரி சொன்னேன். அது என் தப்பு. என்னை மன்னிச்சிருங்க."

அதையே ஆங்கிலத்தில் சிஸ்டரிடமும் சொன்னேன். அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். திகைப்புதான் இருந்தது.

செல்வராணி நான் சொன்னதை ஒன்று விடாமல் கைகளால் மகளுக்குச் சொன்னாள். கயல் உற்சாகமாக ஏதோ திருப்பிக் கேட்டாள். என்ன கேட்டாள் என்று பிறகு தெரிந்தது. டீச்சருக்கு வசனம் மறந்துவிட்டதா, பள்ளிக்கூட நாடகத்தில் தனக்கு மறந்ததுபோல, என்று கேட்டாளாம்.

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. எங்கள் ஆயர் சண்டை என்றால் நாலு அடி தள்ளி நிற்கிற மனிதர். மேடைக்கு வந்து, டீ இடைவேளை என்று அறிவித்தார். டீ இன்னும் அடுப்பில் ஏறவே இல்லை.

பக்கத்து அறையில்

மேடைக்குப் பக்கத்து அறையில் நாங்கள் மூன்று பேர். சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை. எத்தனையோ ஊர்களில் இதைப் பேசியிருப்பதாகவும், ஒரு மொழிபெயர்ப்பாளரும் இப்படி நிறுத்தியதில்லை என்றும் சொன்னார். உண்மையான அன்பு வலிக்கிறதைச் சொல்லத்தான் செய்யும் என்றார். அப்போதும் என் கைக்கு அருகே ஒரு தம்ளர் தண்ணீரை நகர்த்தி வைத்தார். அந்தத் தண்ணீர்தான் என்னை மிகவும் சங்கடப்படுத்தியது. இவ்வளவு நல்லவர் தவறாகச் சொல்வாரா என்று மனம் இன்னொரு முறை தடுமாறியது.

ஆயர் என்னைப் பார்த்தார். "அது வேதத்துல இல்லன்னு சொன்னீங்க. இருக்கிறது என்ன? காட்டுங்க டீச்சர்."

நியாயமான கேள்வி. டிபன் பாக்ஸ் பரிசு வாங்கிய மூளை சுத்தமாகத் துடைத்துவிட்ட கரும்பலகை ஆகிவிட்டது. சீடர்கள் இதே கேள்வியைக் கேட்ட ஓர் இடம் உண்டு என்பது மட்டும் நினைவிருந்தது. பக்கங்களைப் புரட்டினேன். அவசரத்தில் இரண்டு இரண்டு தாளாகப் புரண்டது. கடைசியில் கிடைத்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒரு மனிதனைப் பார்த்து, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் இயேசுவைக் கேட்கிற அத்தியாயம்.

ஆயர் நின்றபடியே வாசித்தார். நெடுநேரம் வாசித்தார். பிறகு, தான் விளக்கம் எதுவும் சொல்லப்போவதில்லை என்றும், டீக்குப் பிறகு எல்லோரும் சேர்ந்து இந்த அத்தியாயத்தை முழுவதும் வாசிக்கலாம் என்றும் சொன்னார். சிஸ்டரையும் இருக்கச் சொன்னார். அவர் தலையசைத்தார்.

செல்வராணி கேட்டது

வராந்தாவில் செல்வராணி எனக்காகக் காத்திருந்தாள். "அவங்க என்ன சொன்னாங்க டீச்சர்? எனக்குத் தெரியணும்."

மறைக்க நினைத்தேன். முந்திய நாள் மறைத்தது போதும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் மண்டபத்துக்குள் இருந்த மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ பொறந்த அன்னைக்கே எங்க தெருவே இதைத்தானே சொல்லுச்சு" என்றாள். "இதைச் சொல்றதுக்கா இங்கிலீஷ்ல ஒருத்தர் ரயிலேறி வரணும்?"

முதலில் அவள்தான் சிரித்தாள். பிறகு நான். பிளாஸ்டிக் கப்பில் டீ ததும்பி என் சேலையெல்லாம் சிந்தியது. இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் சிரிப்பு எவ்வளவு, மற்றது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

ஒரு அத்தியாயம் முழுவதும்

நாற்காலிகளை வட்டமாகப் போட்டோம். ஆளுக்கு மூன்று வசனம். கண்ணாடி கொண்டுவராதவர்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் உதவினார்கள். செல்வராணி நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கைகளால் சொன்னாள்.

சீடர்கள் கேட்ட கேள்வி வந்தது. அதற்கு இயேசு, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்று பதில் சொல்கிற இடம் வந்தது. வாசித்தது தலைமுடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்.

செல்வராணியின் கைகள் நின்றன. "அதை இன்னொரு தரம் வாசிங்க" என்றாள்.

அவள் வாசித்தாள். "இன்னொரு தரம்" என்றாள் செல்வராணி. மூன்றாவது முறையும் அந்தப் பெண் வாசித்தாள். செல்வராணி மகளைப் பார்த்து, தன் நெஞ்சைத் தொட்டு இல்லை என்றாள். லால்குடி இருக்கும் திசையைக் காட்டி, அப்பாவும் இல்லை என்றாள். கயலைத் தொட்டு, நீயும் இல்லை என்றாள்.

கயல் இதில் என்ன புதுசு என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, மேலே சொல்லு என்று அம்மாவின் கையைத் தட்டினாள். அந்தப் பிள்ளை ஒரு நாளும் வேறு மாதிரி நினைத்ததே இல்லை.

அந்த இடத்துக்குப் பிறகு அந்த அத்தியாயம் எவ்வளவு வேடிக்கையானது என்று நான் அதுவரை கவனித்ததில்லை. இயேசு எச்சிலால் சேறு குழைத்து அவன் கண்ணில் பூசுகிற இடத்தில் கயல் மூக்கைச் சுளித்தாள். பார்வை வந்தவனைப் பார்த்து அக்கம்பக்கத்தார், இவன்தான் அவன், இல்லை அவனைப் போல இருக்கிறான் என்று வாதாடுகிறார்கள். செல்வராணி இரண்டு பக்கமும் மாறி மாறி நின்று அதை நடித்துக் காட்டினாள். உனக்கு எப்படிப் பார்வை வந்தது என்று பெரிய மனிதர்கள் அவனைத் திரும்பத் திரும்ப விசாரிக்க, நீங்களும் அவருக்குச் சீடராகப் போகிறீர்களா என்று அவன் துடுக்காகக் கேட்கிற இடம் வந்ததும் கயல் வாய்விட்டுச் சிரித்தாள். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று தெரியாத பிள்ளையின் சிரிப்பு அது. மண்டபம் முழுவதும் தொற்றிக்கொண்டது. ஆயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

சிஸ்டர் ரோவினா கடைசி வரிசையில் இருந்தார். மடியில் அவருடைய ஆங்கில வேதப்புத்தகம். விரல் ஒவ்வொரு வரியாக நகர்ந்துகொண்டிருந்தது.

புறப்படும்போது அவர் கயலிடம் வந்து, உன் பெயர் என்ன என்று கேட்டார். அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன், செல்வராணி சைகையில் சொன்னாள். கயல் தன் பெயரைச் சொல்லிவிட்டு, சற்று யோசித்து, சிஸ்டருக்கும் ஒரு பெயர் வைத்தாள். உள்ளங்கையை விரித்து, அதன் மேல் ஒரு விரலை வரி வரியாக இழுத்தாள். சிஸ்டர் அதைத் தானும் ஒரு முறை செய்து பார்த்தார். பிறகு காரில் ஏறினார்.

அவர் மனம் மாறினாரா, தெரியாது. அதன் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. எங்கேயோ ஒரு ஊரில் அவர் அதே அத்தியாயத்தை மறுபடி புரட்டிக்கொண்டிருப்பார் என்று நம்ப எனக்குப் பிடிக்கிறது.

வியாழக்கிழமைகள்

எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள் என்று எழுதினால் பொய். ஊழியக்காரரை மேடையில் வைத்து அவமதித்துவிட்டேன் என்று சபைக் கமிட்டியில் ஒரு பெரியவர் இரண்டு மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. சிஸ்டரைத் தனியாக அழைத்துச் சொல்லியிருக்கலாம் என்றார்கள் சிலர். இரண்டாம் நாளே அதைச் செய்திருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

ஆனால் அந்த வட்டம் கலையவில்லை. வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஒரு அத்தியாயம், முதலிலிருந்து கடைசி வரை. பாதியில் நிறுத்துவதில்லை. கோபித்துக்கொண்ட பெரியவர் மூன்றாவது மாதம் வந்து ஓரமாக உட்கார்ந்தார். இப்போது எங்களில் கணீரென்று வாசிப்பவர் அவர்தான். தவராஜும் வருகிறார். மூன்று வசனம் வாசிக்க வேண்டியிருப்பதால் தூங்க முடிவதில்லை என்பது அவர் குறை.

கயல் எங்களுக்கெல்லாம் ஒரு சைகை கற்றுக் கொடுத்துவிட்டாள். இரண்டு உள்ளங்கைகளையும் மேலே விரித்து இலேசாக அசைப்பது. எங்கே என்று பொருள். யாராவது வேதத்தில் இப்படி இருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னால், உடனே அந்தக் கைகள் விரியும். காட்டுங்கள் என்கிறாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் பழகிக்கொண்டார்கள். ஆயர் பிரசங்கத்தின் நடுவில் முதல் தடவை நாலைந்து ஜோடிக் கைகள் விரிந்ததும் திடுக்கிட்டுப் போனார். இப்போது அவர் பக்க எண்ணைச் சொல்லாமல் எந்த வசனமும் சொல்வதில்லை. வீட்டுத் தயாரிப்பு கூடிவிட்டது என்று சந்தோஷமாகவே அலுத்துக்கொள்கிறார்.

ஒரு டிசம்பரில் நானும் மாட்டினேன். கிறிஸ்துமஸ் நாடக ஒத்திகை. "கிழக்கிலிருந்து மூன்று ராஜாக்கள் வந்தாங்க" என்று ஆரம்பித்தேன். கயலின் கைகள் விரிந்தன.

சிரித்துக்கொண்டே பக்கத்தை எடுத்தேன். வாசித்தேன். மறுபடி வாசித்தேன். ராஜாக்கள் இல்லை, ஞானிகள். மூன்று பேர் என்றும் இல்லை. எத்தனை பேர் என்றே எழுதவில்லை. ஐம்பது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த கதை. அட்டையில் ஜிகினா ஒட்டி மூன்று கிரீடம் வேறு தயார்.

"கிரீடத்தை என்ன டீச்சர் பண்றது?" என்றார் ஆயர்.

கிரீடங்களை ஏரோது ராஜாவுக்கும் அவன் அரண்மனைக்காரர்களுக்கும் கொடுத்தோம். எத்தனை பேர் என்று எழுதாததால், ஞானி வேஷம் கேட்ட யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. பதினேழு பேர் சேர்ந்தார்கள். உடைக்கு என்ன செய்வது என்று நான் கையைப் பிசைந்தபோது வைதேகி வீட்டிலிருந்து ஒரு மூட்டை பழைய சரிகை அங்கவஸ்திரம் கொடுத்தனுப்பினாள். "கிழக்கேருந்து வந்தவான்னுதானே சொல்றே, சரிகை இருந்தா தப்பில்லை" என்றாள். நாடகத்தன்று அவளே வந்து முதல் வரிசையில், லால்குடியிலிருந்து முதல் தடவையாக உள்ளே வந்து உட்கார்ந்திருந்த கயலின் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மண்டபக் கதவிலிருந்து பதினேழு ஞானிகள் வரிசையாக வந்தார்கள். கணீர்க் குரல் பெரியவர் ஒருவர், தவராஜ் ஒருவர், செல்வராணி ஒருத்தி. எல்லோருக்கும் முன்னால் தலைமை ஞானியாகக் கயல், தரையில் புரளும் சரிகையைக் காலால் தள்ளிக்கொண்டு.

நாடகத்தில் ஞானிகளுக்கு ஒரே ஒரு வசனம்தான். பிறந்திருக்கிறவர் எங்கே என்று கேட்க வேண்டும்.

கயல் நடுவில் வந்து நின்றாள். எங்களை எல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தாள்.

மண்டபம் முழுவதும், அவள் அப்பா உட்பட, ஒரே நேரத்தில் கையை நீட்டி வைக்கோல் தொட்டிலைக் காட்டியது.